நம் தலைக்கு மேலுள்ள கூரை

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் ஆகிய மூன்றும் மனிதனின் இன்றியமையாத தேவைகள் என்று நாம் தொடக்க வகுப்பிலேயே படித்திருக்கிறோம். இவற்றுள் உணவு கெட்டால் மூக்கு சொல்லிவிடும். உடை கிழிந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் இருக்க இடம் தரும் கட்டடம் உள்ளுக்குள் நலிந்துபோனால் அதை நமக்கு யார் சொல்வது? காலையில் மணி அடித்ததும் வகுப்பறைக்குள் நுழைகிறோம். கரும்பலகையைப் பார்க்கிறோம்; புத்தகத்தைப் பார்க்கிறோம்; ஆசிரியை காணாதபோது பக்கத்துத் தோழியையும் பார்க்கிறோம். நாள் முழுவதும் நமக்காக வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் கூரையை மட்டும் நாம் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

இங்கிலாந்து நாட்டில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கல்வித்துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அன்று வியாழக்கிழமை. கோடை விடுமுறை முடிந்து அடுத்த வாரம் பள்ளிகள் திறக்கவேண்டும். குழந்தைகள் சீருடையும் பையும் வாங்கி ஆயத்தமாக இருந்த அந்த வேளையில், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் தம் கட்டடங்களில் சிலவற்றை உடனே மூடிவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. காரணம் நோயுமன்று, புயலுமன்று. கூரையில் பல ஆண்டுகளுக்கு முன் வைத்த ஒருவகைக் கான்கிரீட்டே காரணம். அது எத்தகையது, அதில் என்ன குறை, அதை எவ்வாறு கண்டறிந்து சமாளிக்கிறார்கள் என்பனவற்றை எங்கள் விஞ்ஞான மன்றத்திற்காகப் படித்து அறிந்தோம். அவற்றை ஆண்டு மலரின் வாயிலாக உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இட்லியும் கான்கிரீட்டும்

சாதாரணக் கான்கிரீட் எதனால் ஆனது என்பதை நாம் அறிவோம். சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணீர் ஆகிய நான்கும் கலந்தால் கான்கிரீட். நாம் சொல்லவந்த கான்கிரீட்டில் ஜல்லியே கிடையாது. சிமெண்டு, சுண்ணாம்பு, நன்றாகப் பொடித்த மணல் அல்லது அனல் மின் நிலையத்துச் சாம்பல், தண்ணீர் ஆகியவற்றைக் குழம்பாகக் கரைத்து, அதில் மிகச் சிறிதளவு அலுமினியத் தூளைச் சேர்க்கிறார்கள். காரத்தன்மை உள்ள சுண்ணாம்புக் கரைசலில் அலுமினியம் பட்டவுடன் இரசாயன மாற்றம் நிகழ்ந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அந்த வாயு கோடிக்கணக்கான சிறு குமிழ்களாகக் குழம்புக்குள் பரவ, புளித்த இட்லி மாவு பொங்கி எழுவதைப் போல அது அச்சுக்குள் உப்பி எழுகிறது. பின்னர் ஹைட்ரஜன் வெளியேறி, குமிழ்களில் காற்று நிரம்பிக்கொள்கிறது.

உப்பிய கட்டி முற்றும் இறுகுவதற்கு முன்னரே மெல்லிய கம்பியால் வேண்டிய அளவுகளில் அதை அறுக்கிறார்கள். அடுத்து, நம் வீட்டு குக்கரைப் போன்ற, ஆனால் ஓர் அறையைவிடப் பெரிய, ஆட்டோகிளேவ் என்னும் இரும்புக் கலத்தில் வைத்து, உயர்ந்த அழுத்தமுள்ள நீராவியில் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். வெப்பநிலை ஏறத்தாழ 180 டிகிரி செல்சியசுக்கு மேல் செல்லும். பொங்கவைத்து, ஆவியில் வேகவைத்து எடுக்கும் இந்த முறை இட்லி அவிப்பதைப் போன்றதே என்று எங்களுள் ஒருத்தி சொன்னபோது வகுப்பே சிரித்தது. ஆசிரியையோ, "உவமை சரிதான், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

1920களில் ஸ்வீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆக்செல் எரிக்ஸன் இதனைக் கண்டுபிடித்தார். சுவருக்கு வைக்கும் கற்களாக மட்டுமன்றி, உள்ளே இரும்புக் கம்பி வைத்து நீண்ட பலகைகளாகவும் பின்னர் இதைச் செய்தார்கள். கம்பி வைத்த அந்தப் பலகைக்கு ஆங்கிலத்தில் 'ரீயின்ஃபோர்ஸ்டு ஆட்டோகிளேவ்டு ஏரேட்டட் கான்கிரீட்' என்று நீண்ட பெயர். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ராக்' என்பர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

ஏன் இதனை விரும்பினார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் புதிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் வீடுகளும் மிகுதியாகத் தேவைப்பட்டன. விரைவாகவும் குறைந்த செலவிலும் கட்டவேண்டியிருந்தது. ராக் பலகையின் சிறப்பு அதன் எடைக் குறைவு. கணக்கிட்டுப் பார்ப்போம். 5 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு பலகையின் கன அளவு 0.6 கன மீட்டர். சாதாரணக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,400 கிலோ எடை. ஆகவே அந்தப் பலகை 1,440 கிலோ இருக்கும். ராக் ஒரு கன மீட்டருக்கு 650 கிலோ என்று கொண்டால் அதே பலகை 390 கிலோவே இருக்கும். தூக்கி வைப்பது எளிது. சுவரும் அடித்தளமும் சுமக்கும் பாரம் குறைவு. குமிழ்களில் காற்று இருப்பதால் குளிரையும் வெப்பத்தையும் தடுக்கும். தீயும் எளிதில் பற்றாது. இத்தனை நன்மைகளைக் கண்டு 1950களிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை, முக்கியமாகத் தட்டைக் கூரைகளுக்கு, இதைப் பயன்படுத்தினார்கள்.

அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. மழைக்கு ஒதுங்க இடமில்லாத குழந்தைகளுக்கு விரைவில் பள்ளி கட்டித் தந்தவர்கள் அவர்கள். அக்கூரைகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலத்திற்கு எனக் கருதப்பட்டவை என்று பொறியாளர்கள் கூறுகின்றனர். ஆனால் முப்பது ஆண்டு கழிந்த பின்னும், நாற்பது, ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும் அவை மாற்றப்படாமல் அங்கேயே இருந்தன.

குறை எங்கே?

முதற்குறை வலிமையில். உள்ளே பாதிக்கு மேல் காற்றுள்ள பொருள் அழுத்தத்தை அதிகம் தாங்காது. சாதாரணக் கான்கிரீட்டின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்குகூட ராக்கில் இருப்பது அரிது.

இரண்டாவது குறை கம்பியின் பிடிப்பில். சாதாரணக் கான்கிரீட் தன்னுள் இருக்கும் கம்பியை நீளம் முழுவதும் இறுகப் பற்றிக்கொள்ளும். ராக் மென்மையானது, கம்பியை அவ்வாறு பற்றமுடியாது. ஆகையால் நீளக் கம்பிகளின் முனைகளில் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்துவிடுகிறார்கள். நங்கூரம் கப்பலை நிறுத்துவதுபோல அந்தக் குறுக்குக் கம்பிதான் நீளக் கம்பியை நிறுத்துகிறது. அந்தக் குறுக்குக் கம்பி, பலகை சுவரின் மேல் அமரும் பகுதிக்குள் இருக்கவேண்டும். அது சுவரைத் தாண்டி வெளியே நின்றாலும், கட்டும்போது பலகையை வெட்டிக் குறைத்ததால் அறுபட்டுப் போனாலும், அந்த முனையில் கான்கிரீட் தன்னந்தனியாகப் பாரத்தைத் தாங்குகிறது என்று பொருள்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே அடிக்கோல் ஒன்றைப் பாலம்போல் வையுங்கள். இரு முனையும் புத்தகத்தின் மேல் நான்கு விரல் அகலம் அமர்ந்திருந்தால் நடுவில் ஒரு டப்பாவை வைத்தாலும் நிற்கும். நகக்கண் அளவே அமர்ந்திருந்தால், சிறிது வளைந்தவுடன் அடிக்கோல் நழுவி விழுந்துவிடும். ராக் பலகை சுவரில் குறைந்தது 75 மில்லிமீட்டர் அமர்ந்திருக்க வேண்டும் என்று இன்று பொறியாளர்கள் கூறுகின்றனர். அது நம் நான்கு விரல் அகலம். பழைய கட்டடங்கள் பலவற்றில் 40, 45 மில்லிமீட்டர்தான் இருந்தது. அது இரண்டு விரல் அகலமே.

மூன்றாவது குறை தண்ணீர். நுண்துளை நிறைந்த ராக், பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். நீர் ஏறினால் எடை கூடும், வலிமை குறையும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருவிலிருந்து காக்கக் கம்பியின் மேல் தார் போன்ற பூச்சு இட்டிருந்தாலும், அது காலத்தால் நலியும். இங்கே ஒரு வஞ்சகம் இருக்கிறது. சாதாரணக் கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்தால் துரு பெருத்து, மேல்பூச்சைப் பெயர்த்துக் கீழே தள்ளிவிடும். நாம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ராக்கிலோ துரு பெருப்பதற்கு உள்ளேயே குமிழ்களில் இடமிருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே கம்பி அரிக்கப்பட்டுப் போகலாம். பல கட்டடங்கள் விழுவதற்கு முன் விரிசல் காட்டி எச்சரிக்கும். ராக் பலகை திடீரென முறிந்து விழக்கூடியது.

தட்டைக் கூரையில் நீர் தேங்குவது எவ்வளவு பெரிய பாரம் என்பதையும் கணக்கிடலாம். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வகுப்பறையின் கூரையில் 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 2.4 கன மீட்டர் நீர். எடை 2,400 கிலோ. பலகை சிறிது தொய்ந்தால் அங்கே நீர் தேங்கும். நீர் தேங்கினால் மேலும் தொய்யும். மேலும் தொய்ந்தால் மேலும் நீர் தேங்கும். இவ்வளவும் இலைச்சருகு அடைத்த ஒரு வடிகுழாயால் தொடங்கிவிடலாம்.

அடித்த எச்சரிக்கை மணிகள்

இந்த ஆபத்து 2023இல்தான் தெரியவந்தது என்று எண்ணிவிடக்கூடாது. 1996ஆம் ஆண்டிலேயே பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம், 1980க்கு முன் வடிவமைக்கப்பட்ட ராக் கூரைப் பலகைகளில் அளவு மீறிய தொய்வும் விரிசலும் காணப்படுவதை எழுதி வெளியிட்டது.

2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் கென்ட் மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் தட்டைக் கூரை இடிந்து விழுந்தது. ஏதோ கோளாறு என்பதற்கான அடையாளம் ஏறத்தாழ ஒரு நாளைக்கு முன்னர்தான் தென்பட்டது. கூரை விழுந்த நாள் சனிக்கிழமை. பள்ளியில் யாரும் இல்லை, ஒருவருக்கும் காயமில்லை. அது மற்றொரு கிழமையாக இருந்திருந்தால்? இதை எழுதும்போதே எங்கள் மனம் நடுங்குகிறது.

அதன் பிறகு கட்டட உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது. 2019இல் பொறியாளர்களின் பாதுகாப்புக் குழு தனி எச்சரிக்கை வெளியிட்டது. 2022இல் கல்வித்துறை, "உங்கள் கட்டடத்தில் ராக் இருக்கிறதா?" என்று பள்ளிப் பொறுப்பாளர்களைக் கேட்டு வினாத்தாள் அனுப்பியது. கேள்வி எளிது; பதில்தான் கடினம். ஏனெனில் எந்தக் கூரையில் எந்தப் பொருள் வைக்கப்பட்டது என்ற குறிப்புகள் பல இடங்களில் கிடைக்கவில்லை. கட்டியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். வரைபடங்கள் தொலைந்துவிட்டன. அடியில் பொய்க்கூரை அடித்திருந்ததால் பலகை கண்ணுக்கும் தெரியவில்லை.

அதுவரை, மிக மோசமான நிலையில் உள்ள ராக் பகுதிகளை மட்டும் மூடினால் போதும் என்ற விதி இருந்தது. ஆனால் 2023 கோடைக்காலத்தில், ஆபத்தில்லை என்று மதிப்பிடப்பட்டிருந்த ராக் பலகைகள் மூன்று இடங்களில் பழுதாகிவிட்ட செய்தி வந்தது. பரிசோதித்து, "இது பரவாயில்லை" என்று சொன்ன பலகையே முறிந்தால், எந்தப் பலகையை நம்புவது? ஆகவேதான் ராக் உள்ள எல்லா வகுப்பறைகளையும், முட்டுக்கொடுத்துப் பாதுகாக்கும் வரை, மூடவேண்டும் என முடிவாயிற்று. ஏற்கெனவே 52 பள்ளிகளில் நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. மேலும் 104 பள்ளிகள் சேர்ந்தன. 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ராக் உறுதிசெய்யப்பட்ட பள்ளிகளும் கல்லூரிகளும் 234 என்று அரசு அறிவித்தது. அவற்றுள் 119 திருப்பிக் கட்டப்படும் என்றும், 110க்குக் கூரை மாற்ற மானியம் தரப்படும் என்றும், மீதி ஐந்திற்கு வேறு ஏற்பாடு என்றும் கூறப்பட்டது.

மாணவர் பட்ட பாடு

மூடிய வகுப்பறைகளுக்கு மாற்றாகக் கூடாரங்களும் தற்காலிக அறைகளும் வந்தன. சிலர் வீட்டிலிருந்தே கணினி வழியாகப் படித்தார்கள். டர்ஹாம் நகரிலுள்ள புனித லியோனார்டு கத்தோலிக்கப் பள்ளி மிகவும் பாதிக்கப்பட்ட பள்ளிகளுள் ஒன்று. அங்கே விளையாட்டுக் கூடத்தில் பல வகுப்புகள் ஒரே சமயத்தில் நடந்தன. ஒரு வகுப்பின் ஆசிரியர் கணக்குச் சொல்லும்போது பக்கத்து வகுப்பின் வரலாறு காதில் விழுந்தால் எப்படிப் படிப்பது? செய்முறைப் பயிற்சிக்கு ஆய்வகம் கிடைக்கவில்லை. பொதுத்தேர்வு எழுதவேண்டிய மாணவர்களுக்குத் தனிச் சலுகை வேண்டுமென்று பெற்றோர் வேண்டினார்கள். ஆனால் மதிப்பெண்ணை மொத்தமாகக் கூட்டித்தரத் தேர்வுத்துறை இணங்கவில்லை. இவ்வாண்டு பொதுத்தேர்வை எதிர்நோக்கும் எங்களுக்கு அவர்களுடைய கவலை நன்றாகப் புரிகிறது.

"அப்படியானால் மூடாமலே இருந்திருக்கலாமே" என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் வகுப்பில் இதைப் பற்றி வாதாடினோம். படிப்புக் கெட்டால் அடுத்த ஆண்டு சரிசெய்துகொள்ளலாம். உயிர் போனால் எந்த ஆண்டு சரிசெய்வது என்பதே முடிவாயிற்று. ஆனால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கே குழந்தைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது தவறு. முதல் மணி அடித்தபோதே ஆண்டுக்குச் சில கூரைகள் என மாற்றியிருந்தால், கடைசி மணி அவ்வளவு உரக்க அடித்திருக்காது.

கண்டறிவது எப்படி?

ஒரு பழைய கட்டடத்தில் ராக் உள்ளதா என்று அறிய, பொறியாளர்கள் முதலில் பழைய வரைபடங்களைத் தேடுகிறார்கள். எந்த ஆண்டில் கட்டியது, எப்போது நீட்டிக் கட்டியது என்று விசாரிக்கிறார்கள். பின்னர் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். பொய்க்கூரையைத் திறக்கவேண்டுமானால், அங்கே கல்நார் உள்ளதா என்று முன்னரே உறுதிசெய்துகொள்வது முறை. ஏனெனில் கல்நார்த் தூசி நுரையீரலுக்குத் தீங்கு.

அடிப்பக்கம் தெரிந்தபின் சில அடையாளங்களைக் கவனிக்கிறார்கள். ராக் வெண்மை கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். பலகைகள் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலத்தில், ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருக்கும். இரு பலகை சேருமிடத்தில் ஆங்கில 'வி' எழுத்துப் போன்ற பள்ளக் கோடு ஓடும். உடைந்த இடத்தில் ஜல்லி தெரியாது. சிறு குமிழ்கள் தெரியும். கூரிய திருப்புளியால் அழுத்தினால் எளிதில் குழி விழும். ஆனால் தோழியரே, இந்தச் சோதனையெல்லாம் பயிற்சி பெற்ற பொறியாளரின் வேலை. சந்தேகப்பட்ட கூரையின் கீழே நாம் நின்று குத்திப் பார்ப்பது பேதைமை.

மதிப்பிடுதலும் சமாளித்தலும்

ராக் இருப்பது உறுதியானால், அடுத்த கேள்வி அது எந்த நிலையில் உள்ளது என்பது. பலகை சுவரில் எவ்வளவு அமர்ந்திருக்கிறது? முனைகளின் அருகே விரிசல் உண்டா? குறுக்குக் கம்பி உரிய இடத்தில் உள்ளதா? நீர்க்கசிவு உண்டா? கட்டிய பின் மேலே புதிய பாரம் ஏதேனும் ஏற்றப்பட்டதா? பலகையின் தொய்வு அதன் நீளத்தில் நூறில் ஒரு பங்கைத் தாண்டியதா? அதாவது 5 மீட்டர்ப் பலகை 5 சென்டிமீட்டருக்கு மேல் தொய்ந்திருந்தால் அது பெரிய அபாய அடையாளம். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, மிகவும் அவசரம், அதிக ஆபத்து, நடுத்தரம், குறைவு என நான்கு வகையாகப் பிரிக்கும் முறையை அந்நாட்டுக் கட்டமைப்புப் பொறியாளர் சங்கம் வகுத்துத் தந்துள்ளது.

செய்யவேண்டிய பணிகளை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, ஆட்களை அப்புறப்படுத்தல். ஐயம் நீங்கும் வரை அவ்வறைக்குள் யாரும் செல்லக்கூடாது. கூரையின் மேலும் யாரும் ஏறக்கூடாது.

இரண்டாவது, பாரத்தைக் குறைத்தல். கூரைமேல் வைத்த பொருள்களை அகற்றவேண்டும். வடிகுழாய்களை அடைப்பின்றி வைத்து நீர் தேங்காமல் பார்க்கவேண்டும். ஒழுகுமிடத்தை உடனே அடைக்கவேண்டும்.

மூன்றாவது, முட்டுக்கொடுத்தல். இரும்பு, மரம் ஆகியவற்றாலான முட்டுகளை நிறுத்திக் கூரையைத் தாங்குவது. சுவரை ஒட்டி ஓர் உத்தரம் அமைத்தால், இரண்டு விரல் அளவே அமர்ந்திருந்த பலகைக்கு அகலமான தாங்குமிடம் கிடைத்துவிடும். கிங்ஸ் லின் நகரிலுள்ள எலிசபெத் ராணி மருத்துவமனையில் 2023இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டுகள் கூரையைத் தாங்கின. நோயாளியின் கட்டிலுக்கு அருகே முட்டு, நடைவழியில் முட்டு எனக் காடுபோல் நின்றதாம்.

நான்காவது, தொடர்ந்து கண்காணித்தல். எந்த அறையில் ராக் உள்ளது, எப்போது பார்த்தோம், என்ன மாற்றம் என்று ஒரு பதிவேட்டில் எழுதி, குறித்த காலங்களில் மீண்டும் பார்க்கவேண்டும். பொறுப்பாளர் மாறினாலும் பதிவேடு மாறாது.

ஐந்தாவது, மாற்றியமைத்தல். பலகைகளை எடுத்துவிட்டு எடை குறைந்த புதிய கூரை போடுவதே முடிவான மருந்து. முட்டு என்பது ஊன்றுகோல்; அதுவே கால் ஆகிவிடாது.

நம் ஊரில்?

இதைப் படித்ததும் பெற்றோர் சிலர் திடுக்கிடலாம். இன்று நம் ஊர்களிலும் புதிய கட்டடங்களில் 'ஏ.ஏ.சி. பிளாக்' எனப்படும் எடை குறைந்த வெண்சாம்பல் கற்களைச் சுவருக்கு வைக்கிறார்கள். அதுவும் இதே முறையில் செய்யப்படுவதே. ஆனால் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல் வேறு. இரு சுவர்களுக்கு இடையே பாலம்போல் கிடந்து, ஆள் தலைக்கு மேல் நிற்கும் கம்பி வைத்த பலகை வேறு. சாதாரணமாகத் தூண்களும் உத்தரங்களும் பாரத்தைச் சுமக்க, அந்தக் கல் இடைவெளியை நிரப்புகிறது. ஆகவே வீண் அச்சம் வேண்டா. பொருளில் நல்லது கெட்டது என்பதைவிட, எந்த இடத்தில், எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதே கேள்வி.

எங்கள் வகுப்பறைக் கறை

முடிவாக எங்கள் குறை ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சென்ற மழைக்காலத்தில் எங்கள் வகுப்பறையின் பின்மூலையில், கடைசி பெஞ்சுக்கு மேலே, கூரையில் ஈரக்கறை ஒன்று தோன்றியது. முதலில் உள்ளங்கை அளவு இருந்தது. நாளுக்கு நாள் வளர்ந்தது. அது ஆஸ்திரேலியா போல் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தோம். சொட்டத் தொடங்கியபோது பெஞ்சைச் சற்றே நகர்த்திப் போட்டுக்கொண்டோம். யாராவது சொல்வார்கள் என்று நாற்பத்திரண்டு பேரும் நினைத்தோம், ஒருவரும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு வெட்கமாயிற்று. இரண்டு பேர் சென்று தலைமையாசிரியை சிஸ்டரிடம் சொன்னோம். "ஏனம்மா இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. மறுநாளே ஆள் ஏறிப் பார்த்ததில், வேப்பஞ்சருகு அடைத்து வடிகுழாயில் நீர் போகாமல் நின்றது தெரிந்தது. சருகை எடுத்தார்கள், பொறியாளர் ஒருவரை அழைத்து முழுக் கூரையையும் பார்க்கச் செய்தார்கள். எங்கள் கூரை ஜல்லி போட்ட சாதாரணக் கான்கிரீட்தான். பூச்சைச் சீர்செய்தால் போதும் என்றார். அலுவலகத்தில் இப்போது கூரைக்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒருத்தி சென்று, தங்கள் அறையில் கண்ட கறை, விரிசல், ஒழுகல் எதுவாயினும் நாள் போட்டு எழுதவேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் பெரியோர். அணை போடுவது பொறியாளர் கடமை; பணம் ஒதுக்குவது ஆட்சியாளர் கடமை. ஆனால் ஆற்றில் நீர் ஏறுகிறது என்று முதலில் கண்டு சொல்வது கரையில் நிற்பவரின் கடமை அன்றோ? இங்கிலாந்துப் பள்ளிகளின் கதையில் ராக் பலகையைவிட அதிகம் கெடுதி செய்தது, "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்ற எண்ணமே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆகவே அன்புத் தோழியரே, நாளைக் காலை உங்கள் இடத்தில் அமர்ந்ததும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். வீட்டிற்குச் சென்றபின் பாட்டி படுத்துறங்கும் அறையின் கூரையையும் பாருங்கள். புதிதாக ஏதேனும் கண்டால் பெரியவர்களிடம் அன்றே சொல்லுங்கள். சொன்னது தவறாகப் போனால் யாருக்கும் நட்டமில்லை. சொல்லாதது சரியாகப் போனால்தான் நட்டம்.